நடைவேகத்தில் ஒரு ஃபியட்

ஜனவரி 6, செவ்வாய்

ஆறு வருடம் கழித்து நங்கை இன்று எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். அண்ணன் மனைவியை எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் நங்கை என்றுதான் சொல்வோம். கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் அவர் மகன் பிரகதீஷின் கல்யாணப் பத்திரிகை. தடித்த அட்டை, தங்க எழுத்து, தடவினால் பிள்ளையாரின் தும்பிக்கை விரலில் தட்டுப்படுகிறது. கண்ணாடி இல்லாதவர்கூட எந்த மண்டபம் என்று தடவியே கண்டுபிடித்துவிடலாம்.

"இருபத்தெட்டாந்தேதி பொழுதோட மாப்பிள்ளை அழைப்பு, மறுநாக் காலைல முகூர்த்தம். ரெண்டு பேரும் முன்னாடியே வந்துருங்க" என்றார். அப்புறம் என் அப்பாவின் பழைய கார் நிற்கும் ஷெட் பக்கம் பார்த்தார். "இன்னொண்ணும் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. மாமா வண்டிலதான் பையனக் கூட்டியாரோணுமாம். அவரு அழைப்பும் அதுலதான நடந்துச்சு?"

"கேக்கச் சொன்னது ஆருங்க அக்கா?" என்றாள் என் மனைவி கோகிலாமணி, தெரியாதவள் போல.

"வேற ஆரு? அவருதான்."

அண்ணன் சென்னியப்பன் உள்ளே வரவில்லை. தெருமுனையில் தன் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். கோகிலாமணியே காப்பி கொண்டுபோனாள். டம்ளர் காலியாகத் திரும்பியது. குடித்தாரா, கொட்டினாரா என்று குறுக்கு விசாரணை செய்தேன். குடித்தாராம். "சக்கரை எச்சு" என்றாராம். ஆறு வருடத்தில் என் வீட்டைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

வண்டி தருகிறேன், நானே ஓட்டுகிறேன் என்று நங்கை கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். இது மட்டும் நல்லபடியாக முடிந்தால் அண்ணன் என்னிடம் பேசுவார். முடியாவிட்டால் இனி எப்போதும் பேசமாட்டார். அவ்வளவுதான் விஷயம்.

எங்களுக்குள் என்ன என்று கேட்டால், சின்ன விஷயம். ஒரு பந்தியில் நான் சொன்ன சின்ன ஜோக். அதை எழுத இந்தப் பக்கத்தில் இடம் பத்தாது.

ஜனவரி 7, புதன்

வண்டி அறுபத்திநாலாம் வருட ஃபியட். அப்பா வாங்கியது, அவர் போனதும் என்னிடம் வந்தது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது, வண்டிக்கு என்னைவிடக் கூட. எங்கள் இருவரில் காலையில் சீக்கிரம் ஸ்டார்ட் ஆவது அதுதான்.

இன்று சிங்காநல்லூரிலிருந்து சூலூர் வரை ஒரு ஓட்டம். அறுபதில் போனேன். சூடு காட்டும் முள் நடுவில் நின்று அசையவே இல்லை. திரும்பி வந்து தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பார்க்காதவர்களுக்குப் போன் செய்தேன்.

எல்லாப் புகழும் மெக்கானிக் சேவியருக்கே. மூன்று வருடத்துக்கு முன் அவர்தான் கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டி, யாராவது கழற்றினால் தெரியும்படி நட்டுகளின் மேல் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டுவைத்தார். "ங்ணா, காத்தையும் பெட்ரோலையும் கலந்து குடுக்கற எடம் இது. மத்த எதுல வேணாலும் வெளையாடுங். இதுல கை வெக்காதீங்" என்றார். கோகிலாமணி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஷெட் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அதை ஒப்பித்துக் காட்டுகிறாள்.

ஜனவரி 11, ஞாயிறு

கோகிலாமணி தங்கையோடு ஒப்பணக்கார வீதிக்குப் புடவை எடுக்கப் போனாள். நான் ஷெட்டில் இருந்தேன். கல்யாண வண்டியாயிற்றே என்று லேசாகத் துடைத்தேன். போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை, சும்மா பார்த்தேன். கத்திரிக்கோல் விரலைக் கிழித்துவிட்டது. வேறு விசேஷமில்லை.

ஜனவரி 12, திங்கள்

"பூசை ரூம்ல வெச்ச பத்திரிகை எங்கீங்க?" என்றாள் கோகிலாமணி.

"பழைய பேப்பரோட போயிருக்கும்."

"பூசை ரூம்ல வெச்சது எப்படீங்க பழைய பேப்பரோட போகும்?"

"காத்தடிச்சிருக்கும்" என்றேன்.

அவளுடைய நெயில் பாலிஷ் பாட்டில் வேறு சரியாக மூடாமல் காய்ந்து போயிருந்ததாம். இந்த வீட்டில் எது நடந்தாலும் என்னைத்தான் கேட்பது என்று ஒரு வழக்கம். இந்த டைரியையும் அவள் படிக்கிறாளோ என்று சந்தேகம். படிக்கட்டும். மறைக்க என்ன இருக்கிறது?

ஜனவரி 13, செவ்வாய்

பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் ஒரு கிலோமீட்டர். மாப்பிள்ளை அழைப்பில் அந்த ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம். முன்னால் மேளம், அதற்குப் பின்னால் ஆடுகிற மச்சினன்மார், அதற்குப் பின்னால் பூ ஜோடித்த கார். எறும்பு நின்று பார்த்துவிட்டு முந்திப் போகும் வேகம்.

"அந்த வேகத்துல ஒருக்கா ஓட்டிப் பாருங்க" என்றாள் கோகிலாமணி. நியாயம். அவளே நாதஸ்வரக்காரராக, ஒரு கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தேன். இரண்டாவது தெருவில் கார்புரேட்டர் தும்மியது. மூன்றாவது தெருவில் என்ஜின் விக்கியது. நான்காவது தெருவில், ரேஷன் கடை வாசலில், முள் சிவப்பைத் தொட்டு, பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பியது.

வரிசையில் நின்ற ஒருவர் சொன்னார்: "ஏனுங், பொங்கலுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குதுங். அதுக்குள்ள பொங்க வெச்சுட்டீங்?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நல்ல ஜோக்தான். நான் சொல்லியிருந்தால் ஒரு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். ஆனால் அத்தனை பேர் சிரிக்கும்போது நடுவில் நிற்பவனுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை. அன்றைக்கு அண்ணனும்...

சரி, அது எதற்கு இப்போது.

ஜனவரி 14, புதன், போகி

இருபத்தாறு வருடமாகப் பம்புசெட் விற்கிறவன் நான். எங்கே சூடோ அங்கே தண்ணீர் பத்தவில்லை என்பது என் மதம். ரேடியேட்டரில் தண்ணீர் மாற்றினேன். ஹோஸ் மாற்றினேன். ஃபேன் பெல்ட்டை முறுக்கினேன். சூலூர் ரோட்டில் போனால் பெட்டிப்பாம்பு. தெருவுக்குள் ஊர்ந்தால் கொதிக்கிறது.

ஊரெல்லாம் பழையதை எரித்தார்கள். எனக்கும் கை அரித்தது.

ஜனவரி 17, சனி

ரேடியேட்டரைக் கழற்றிக் கடையில் கொடுத்து, அடைப்பு எடுத்து வாங்கி மாட்டினேன். கொதிக்கிறது. என் மேனேஜர் வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார். கட்டினேன். பழம் வெந்தது.

வேறு வழியில்லாமல் நங்கைக்குப் போன் செய்தேன், வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாமே என்று பக்குவமாகச் சொல்ல. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார்: "மண்டபத்துக்காரங்க குடுக்கற காரை அவரு வேண்டாம்னுட்டாருங்க. தம்பி வண்டி வருதுன்னு சொல்லிட்டாரு."

தம்பி என்றாராம். சரிங்க என்று போனை வைத்துவிட்டு மறுபடி ஷெட்டுக்குப் போனேன்.

பாதி வழியில் ஆவி கக்கிக்கொண்டு மாப்பிள்ளை கார் நின்றால் என்ன ஆகும்? பெண் வீட்டுச் சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் முகம் சுளிக்கும், சகுனம் என்பார்கள், அண்ணன் நடு ரோட்டில் தலை குனிந்து நிற்பார். ஊர் மூன்று தலைமுறைக்குப் பேசும். எனக்கு நன்றாகத் தெரியும். சூலூரில் ஒரு அழைப்பில் கார் நின்றதைப் பதினெட்டு வருடமாக ஊரெல்லாம் சொல்லிவருவது நான்தான்.

ஜனவரி 19, திங்கள்

சேவியர் வந்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தவரை நேற்றிலிருந்து ஒன்பது முறை கூப்பிட்டேன். வந்தவர் ரேடியேட்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்கு ப்ளக்குகளையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"என்ன கலருங்ணா?"

"வெள்ளை."

"வறுத்த காப்பிக்கொட்டையாட்டம் இருக்கோணும். இது சுண்ணாம்பு. தண்ணி பத்தாம சூடாகலீங், பெட்ரோல் பத்தாம சூடாகுது. லீனா ஓடுது. காத்து எச்சு, பெட்ரோல் கம்மி. அப்படி எரிஞ்சா சூடு தாங்காதுங்."

என் பம்புசெட் மதம் அந்த இடத்திலேயே விழுந்தது.

ப்ளக்குகளை மாட்டி, ஸ்டார்ட் செய்து, சோக்கைப் பாதி இழுத்தார். விக்கிக்கொண்டிருந்த என்ஜின் பால் புட்டி கிடைத்த குழந்தை மாதிரி அடங்கிவிட்டது. "சோக்க இழுத்தா பெட்ரோல் எச்சாப் போகுது, உடனே அடங்குது பாத்தீங்ளா? எங்கியோ திருட்டுக் காத்து உள்ள போகுதுங்ணா."

"அப்புறம் ரோட்டுல மட்டும் எப்படி நல்லா ஓடுது?"

"வேகமாப் போறப்ப என்ஜினு நெறையா மூச்சு இழுக்குது. அதுல இந்தத் துளியூண்டு காத்து ஒரு பெருசில்ல. ஊந்து போறப்ப இழுக்கறதே கொஞ்சம். அதுல பாதி திருட்டுக் காத்துன்னா?" என்று கையை விரித்தார். அப்புறம் குனிந்து கார்புரேட்டர் நட்டுகளைப் பார்த்தார். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. "இத யாராச்சும் கழட்டுனீங்களா?"

"சேச்சே" என்றேன்.

"அப்ப இந்த எடம் இல்லீங். கீழ இருக்கற கேஸ்கெட்டு என் கையால வெச்சது. அதுல காத்துப் போகாது" என்று அடுத்த இணைப்புக்குப் போய்விட்டார்.

எனக்கு ஏன் அப்படிச் சொல்ல வந்தது என்று தெரியவில்லை. யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொன்னது.

ஜனவரி 21, புதன்

கலவை என்ஜினுக்குள் போகும் மேனிஃபோல்டு இணைப்பு முழுக்க, காற்று ஓட்டை இருந்தால் அடைபடட்டும் என்று சேவியர் கிரீஸ் பூசிப் பார்த்தார். மாற்றமில்லை. ரப்பர் குழாய்களை மாற்றினார். பெட்ரோல் பம்பைப் பிரித்துப் புது ரப்பர் போட்டார். கொதித்தது.

ஜனவரி 22, வியாழன்

பிரகதீஷ் வந்தான். கல்யாணக் களை என்பார்களே, அது முகத்தில் இருந்தது, பாதிக்கு மேல் தூக்கமின்மை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அப்பா எல்லாருகிட்டயும் சொல்லிட்டாருங் சித்தப்பா. 'வண்டிய சிகாதான் ஓட்டறான், பயமில்ல'ன்னு."

தெய்வசிகாமணி என்ற என் முழுப்பெயரை சிகா என்று வெட்டிக் கூப்பிடுவது உலகத்தில் அவர் ஒருவர்தான்.

"உங்களுக்குள்ள என்னதானுங் சித்தப்பா பிரச்சினை?" என்றான் திடீரென்று. "அப்பாகிட்டக் கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. 'உங்க சித்தப்பனுக்குச் சோலி எச்சு, வர முடியல'ம்பாரு. ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்லீங்."

"ஒண்ணுமில்ல கண்ணு. பாயசத்துல கொஞ்சம் முந்திரி பத்தல, அதான் தகராறு" என்றேன்.

அவன் சிரித்தான். என் ஜோக்குகளுக்கு எப்போதும் சிரிக்கிற பையன். போகும்போது கோகிலாமணியிடம், "சித்தப்பா மாதிரி ஒரு ஆளோட அப்பா எப்படிச் சண்டை போட்டாருன்னே புரியலீங் சின்னம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கேலண்டரைப் பார்த்தேன். ஆறு நாள் இருக்கிறது.

ஜனவரி 23, வெள்ளி

இன்று சேவியர் கார்புரேட்டரின் மேல் மூடியைத் திறந்து, பெட்ரோல் வரும் ஜெட் துளைகளை எல்லாம் ஊதி, மிதவையின் மட்டம் பார்த்து மூடினார். தெருவில் ஊர்ந்தோம். நான்காவது தெரு, ரேஷன் கடை, ஆவி. அந்தக் கடைக்காரர் எனக்கென்று ஒரு குடம் தண்ணீர் எடுத்துவைத்துக் காத்திருக்கிறார்.

திரும்பி வந்து சேவியர் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தார். கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார், கை சுத்தமான பிறகும்.

"நீங்க வேற ஆளப் பாருங்ணா" என்றார்.

"என்ன சேவியர்?"

"திருட்டுக் காத்துன்னு காது சொல்லுது. எங்கன்னு சொல்ல மாட்டேங்குது. முப்பது வருசமாக் காத வெச்சுத்தானுங் பொழைக்கறேன். போன மாசம் வூட்டுக்காரியும் சொன்னா, கூப்பிட்டாக் காது கேக்கறதில்லைன்னு. வயசாயிருச்சாட்ட இருக்குது." எழுந்து ஸ்பேனர்களைப் பையில் போட்டார். ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல். "கடைசியா ஒருக்காக் கேக்கறனுங். நீங்க எதுவும் கழட்டல?"

"இல்ல" என்றேன்.

ஜனவரி 24, சனி

எழுதலாம் என்று டைரியைத் திறந்தேன். நேற்றைய பக்கத்தில் ஒரு அட்டைத் துண்டு இருந்தது. தடித்த அட்டை. தங்க எழுத்து. நடுவில் வட்டமாக வெட்டி எடுத்த ஓட்டை, ஓரத்தில் பிள்ளையாரின் பாதித் தும்பிக்கை. பதினொன்றாம் தேதி நான் ஷெட் குப்பைக்கு அடியில் புதைத்த துண்டு. கோகிலாமணி ஒரு வார்த்தை எழுதவில்லை. வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

சரி. எழுதிவிடுகிறேன்.

பதினொன்றாம் தேதி நான் கார்புரேட்டரைக் கழற்றினேன். வீடியோவில் ஒரு பையன் நாலு நிமிடத்தில் கழற்றி மாட்டினான். எனக்கு நாலு மணி நேரம் ஆயிற்று, அதற்கடியில் காற்றுப் புகாமல் அடைத்திருந்த கேஸ்கெட் அட்டை என் கையோடு இரண்டாகக் கிழிந்து வந்தது. கடை இல்லை. கோகிலாமணி வருவதற்குள் மூட வேண்டும். தடித்த அட்டை ஒன்று வேண்டும் என்று வீடெல்லாம் தேடினேன். வீட்டிலேயே தடித்த அட்டை பூசை அறையில் இருந்தது. கேஸ்கெட் அளவுக்கு வெட்டி வைத்து, பூட்டி, நெயில் பாலிஷ் தடவினேன். மேடு பள்ளமாக எழுத்து எழும்பிய அட்டையில் காற்று புகும் என்று அப்போது தோன்றவில்லை. அழகாகக்கூட இருந்தது.

எழுத ஆரம்பித்துவிட்டேன், மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன், அண்ணன் புது வீட்டுப் புகுவிழா. அவருடைய ஸ்பின்னிங் மில் அப்போது ஒற்றை ஷிப்டில் இழுத்துக்கொண்டிருந்தது. பந்தியில் யாரோ, "அண்ணன் மில்லு எப்படிப் போகுதுங்?" என்று கேட்டார். கேட்டவர் சும்மா கேட்டார். இலைக்கு இலை ஆட்கள், எல்லோரும் என் பக்கம் திரும்பியிருந்தார்கள். அப்படித் திரும்பினால் எனக்கு என்ன ஆகும் என்று எனக்கே தெரியும்.

"இப்ப எங்கண்ணன் மில்லுல நூல் விடறது சிலந்தி மட்டுந்தானுங்" என்றேன்.

பந்தியே குலுங்கியது. எனக்குப் பின்னால் பாயசப் பக்கெட்டோடு அண்ணன் நின்றிருந்தார். பக்கெட்டைத் தரையில் வைத்தார். கரண்டியை உள்ளே விழாமல் சாய்த்து வைத்தார். போய்விட்டார்.

அன்று சாயங்காலமே போய்த் தப்பு என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொல்லிக்கொண்டு திரிந்தேன் தெரியுமா? "எங்கண்ணனுக்கு ஜோக் புரியாது." ஆறு வருடம். வாய் தானாகச் சொன்னது.

ஜனவரி 25, ஞாயிறு

சேவியர் வீட்டு வாசலில் காத்திருந்தேன். மாதா கோயிலிலிருந்து குடும்பத்தோடு வந்தார், வெள்ளைச் சட்டை. நான் சொன்னேன். நின்ற இடத்திலேயே, ஒரே மூச்சில், நெயில் பாலிஷ் உட்பட.

அவர் வெள்ளைச் சட்டையின் கையை மடிக்க ஆரம்பித்து, நிறுத்தினார். பிறகு, "ங்ணா, நான் இப்பத்தான் பூசை பாத்துட்டு வரேன். சித்த நேரம் எங்கிட்டப் பேசாதீங்" என்று உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து அழுக்குச் சட்டையோடு வெளியே வந்தார்.

"காது நல்லாத்தான் இருக்குது எனக்கு" என்றார். கோபமாக இல்லை. வாசலில் நின்ற தன் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

என் ஷெட்டுக்கு வந்து வண்டியை ஓடவிட்டு, கார்புரேட்டரின் அடியில், தான் நம்பித் தொடாமல் விட்ட அந்த இடத்தில், கிரீஸைக் குழைத்துச் சுற்றிலும் பூசினார். என்ஜின் சட்டென்று அடங்கி ஒரே சீராக ஓடியது. கிரீஸை உள்ளே உறிஞ்சியதும் மறுபடி விக்கியது. கழற்றினார். கருகிய அட்டை வந்தது. அதில் "சென்னியப்ப" வரை படிக்க முடிந்தது.

"உங்கண்ணன் பேரா?"

"ஆமா."

அதைக் காகிதத்தில் மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். சரியான கேஸ்கெட் தாளில் அளவெடுத்து வெட்டிப் பூட்டினார். இந்த முறை கோடு போட நெயில் பாலிஷ் கேட்கவில்லை.

நான்கு தெரு, எட்டுத் தெரு, ஒன்றேகால் மணி நேரம் ஊர்ந்தோம். முள் நடுவில். ரேஷன் கடைக்காரர் குடத்தோடு வெளியே வந்து, ஏமாற்றத்தோடு உள்ளே போனார். ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தோம். சுண்ணாம்பின் மேல் லேசாகப் பழுப்பு படிய ஆரம்பித்திருந்தது.

வண்டி சரியாகிவிட்டது. இனி பாக்கி அண்ணன்தான்.

ஜனவரி 27, செவ்வாய்

"சேவியருகிட்டச் சொன்ன மாதிரியே அங்கயும் சொல்லுங்க" என்றாள் கோகிலாமணி. "ஒரு வரி போதும்."

ஒரு வரி எழுதிப் பார்த்தேன். "அண்ணா, அன்றைக்கு என் நாக்கில் சனி" என்று ஆரம்பித்து, சனிக்கு வீடு வாடகைக்கு விட்டதுவரை போய்விட்டது. அடித்தேன். அடுத்தது சிலந்தியிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி வந்தது. அடித்தேன். அப்புறம் ஒன்று, நன்றாகவே வந்தது, படித்துவிட்டு நானே சிரித்தேன். அதையும் அடித்தேன். நான்கு பக்கம் வீண்.

நாளைக்கு அழைப்பு.

ஜனவரி 29, வியாழன்

முகூர்த்தம் முடிந்து, சாப்பிட்டு, வந்து உட்கார்ந்திருக்கிறேன். நேற்று நடந்ததை மறப்பதற்குள் எழுத வேண்டும்.

பிள்ளையார் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். பூ ஜோடித்திருந்தார்கள். பிரகதீஷ் பின்சீட்டில் ஏறினான். அண்ணன் மேளத்தோடு முன்னால் நடப்பார், இடையில் ஒரு நிமிடம் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். முன்கதவு திறந்தது. அண்ணன் வலது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, மெல்ல என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்பா நடக்கக் கூடாதுங் சித்தப்பா" என்றான் பிரகதீஷ். "ஐப்பசில முட்டி ஆபரேசன் பண்ணுனது."

ஊரில் யாருக்கு எந்தப் பல் ஆடுகிறது என்று எனக்குத் தெரியும். இது தெரியாது.

மேளம் கிளம்பியது. நான் முதல் கியரில் ஊர்ந்தேன். அண்ணன் ரோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம்.

"சூடு ஏறுதா?" என்றார்.

"இல்லீங்ணா."

மறுபடி மேளச்சத்தம். முன்னால் மச்சினன்மார் ஆடினார்கள். நாக்கு நுனியில் மூன்று ஜோக் வந்து நின்றது. மூன்றையும் விழுங்கினேன்.

"ங்ணா, அன்னைக்குப் பந்தில நான் பேசுனது தப்புங்ணா."

அவ்வளவுதான் வந்தது. அதற்குமேல் ஒட்டுப்போட எதுவும் வராமல் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அண்ணன் கதவுக் கண்ணாடியை இறக்கினார். ஓரத்தில் நின்ற ஒறம்பரைக்குச் சிரித்துக் கைகூப்பினார். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே, முன்னால் பார்த்தபடி கேட்டார்: "அந்தப் பந்தில எத்தன பேரு இருந்தாங்க தெரியுமா?"

"தெரியலீங்ணா."

"நாப்பத்திரண்டு பேரு. படுத்தா ஒவ்வொரு மூஞ்சியா வரும். உம் மூஞ்சிலதான் ஆரம்பிக்கும்." கூப்பிய கையை மடியில் வைத்தார். "அன்னைக்குக் காலைலதான்டா கடைசி ஷிப்டு ஆளுக பன்னண்டு பேர அனுப்பிச்சுட்டு மில்லப் பூட்டிட்டு வந்தேன். ஆருக்கும் தெரியாது. உங்க நங்கைக்கே தெரியாது. பந்தி முடியட்டும், சிகாகிட்ட மட்டும் சொல்லலாம்னு பாயசத்தத் தூக்கிட்டு உம் பக்கம் வந்தேன்."

பின்சீட்டில் பிரகதீஷ் அசையாமல் இருந்தான். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நாக்கு நுனிக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. ஐம்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவை. அண்ணன் பேசிக்கொண்டே வந்தார். அப்பா இறந்த வருடம், மில்லுக்கு வந்த நோட்டீஸ், பெண் பார்க்கப் போன இடத்தில் சித்தப்பா எங்கே என்று கேட்டது, ஒவ்வொன்றாக. குரலை உயர்த்தவில்லை. மேளம் ஓங்கும்போது நிறுத்தி, அடங்கியதும் தொடர்ந்தார்.

மண்டபம் வந்துவிட்டது. வாசலில் நங்கையும் கோகிலாமணியும் ஆரத்தித் தட்டோடு. நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். பிரகதீஷ் கதவில் கை வைத்தான்.

"இருடா" என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பினார், அப்போதுதான் முதல் முறையாக முகத்துக்கு நேராக. "எடு வண்டிய."

"ங்ணா, ஆரத்தி எடுக்க நிக்கறாங்க."

"நிக்கட்டும். ஆறு வருசத்துத் திட்டு ஒரு கிலோமீட்டர்ல முடியுமா? மண்டபத்தச் சுத்திட்டு வா."

"அப்பா, நான் எறங்கிக்கட்டுங்களா?" என்றான் பிரகதீஷ்.

"நீ உக்காரு. மாப்பிள்ளை இல்லாம அழைப்பு வண்டி எங்க போறது?"

நான் கியரைப் போட்டேன். நாதஸ்வரத்தை உறையில் போடப்போன மேளக்காரர் எங்களைப் பார்த்தார், நங்கையைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு மறுபடி வாயில் வைத்தார். ஆடி முடித்து வேர்வை துடைத்துக்கொண்டிருந்த மச்சினன்மார் ஓடி வந்து முன்னால் சேர்ந்துகொண்டார்கள். பெண் வீட்டுக்காரர்கள் இது எங்கள் பக்கத்து வழக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

"மெதுவாப் போ" என்றார் அண்ணன்.

மூன்று சுற்று போனோம். நங்கை ஆரத்தித் தட்டில் கற்பூரத்தை இரண்டு தடவை மாற்றினாராம். மூன்றாவது சுற்றில் அண்ணனுக்குத் தொண்டை கம்மிவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். வாங்கிக் குடித்தார், மூடியைத் திருகி என் கையில் கொடுத்தார், விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.